அடியில் கிடந்த அட்டை

அத்தியாயம் 17

போன வாரம் யாழினியை உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ராக்கையாவும் ஒச்சம்மாளும் பஸ் ஸ்டாண்டில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் ஒச்சம்மாள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மகள் ஒன்றும் கண்காணாத தேசத்துக்குப் போகவில்லை. அமராவதி அணைக்கு மேலே மலையில் ஒரு மாதக் கணக்கெடுப்பு வேலை, அவ்வளவுதான். ஆனால் அங்கே போன் எடுக்காது. வாரத்துக்கு ஒருநாள் ஜீப் சாமான் வாங்க அமராவதி நகருக்கு இறங்கும்போதுதான் அவள் குரலைக் கேட்க முடியும்.

மேட்டுப்பாளையத்தில் நாலு வருஷம் வனவியல் படித்து முடித்தவள் யாழினி. அடுத்து முதுகலை. எந்தப் பிரிவு முதலில் வேண்டும், எது அடுத்து என்று பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் வரிசை போட்டுக் கொடுக்கவேண்டும். அந்தப் பக்கம் திறக்கிற நாட்களில் அவள் மலைமேல் இருப்பாள். அதனால்தான் பஸ் ஏறுமுன் ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து அட்டைகளை அப்பாவின் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவின் பெயர் எழுதியிருந்தது.

"அடுக்குன வரிசை மாறாமப் போட்டுருங்கப்பா. லே விரிக்கிறவருக்கு நான் சொல்லித் தரணுமுங்களா?"

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பனுக்குத் திருப்பூரிலேயே பிறந்த மகள். அவள் போடும் 'ங்க'வில் பாதி மரியாதை, மீதி கிண்டல்.

இன்று புதன்கிழமை. மாலை ஐந்து மணியோடு அந்தப் பக்கம் மூடிவிடும்.

காலை பத்து மணிக்கு ராக்கையா கம்பெனியில் ஒரு மணிநேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, தாங்கள் குடியிருக்கும் மண்ணரையின் முக்கிலிருந்த ஆன்லைன் சென்டருக்குள் நுழைந்தார். சட்டைப் பையில் அட்டைக்கட்டு. போனில் ஓடிபி வந்தால் படிப்பதற்குக் கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட அவர் இவ்வளவு தயாராகப் போனதில்லை.

"வாங்கண்ணா, உக்காருங்க. யாழினிக்குத்தானுங்களே?" என்றாள் சென்டர் நடத்தும் சுப்புலட்சுமி. அந்தத் தெருவில் யார் எந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் அது அவள் விரல் வழியாகத்தான் போகும்.

"ஆமாம்மா. அஞ்சு இருக்கு. நான் வரிசையாச் சொல்றேன்."

ராக்கையா ரப்பர் பேண்டைக் கழற்றினார். கட்டைக் கவிழ்க்கவில்லை, கலைக்கவில்லை. அடியில் கிடந்த அட்டையை மட்டும் நோகாமல் உருவினார்.

இந்த இடத்தில் அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். ராக்கையா கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை நீள மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்குவதை லே என்பார்கள். முதல் ரோலில் வந்த துணி அடியில் கிடக்கும். அதுதான் ஒன்று. அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு வரவேண்டும். மேலே பளிச்சென்று தெரிவது கடைசி. இருபத்தாறு வருஷமாக இப்படி எண்ணிப் பழகிய கை அது. ஒச்சம்மாள் சுட்டு அடுக்கிய தோசையில்கூட அடியில் கிடப்பதை உருவித்தான் தட்டில் போட்டுக்கொள்வார். முதலில் சுட்டது அதுதானே என்பார். அம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்து இப்போது சிரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

"மொதல்ல, வனப்பொருள்."

"வனப்பொருள்... இருக்குங்க. அடுத்து?"

"வேளாண் காடு. அப்புறம் மர இன மேம்பாடு. அப்புறம் மர வளர்ப்பு." கடைசியாகக் கையில் மிஞ்சிய அட்டையைப் படித்தார். "வன உயிர்."

"வனப்பொருள்னா என்னங்கண்ணா?"

"மரத்துல இருந்து என்னென்ன எடுக்கலாம்னு படிக்கிறதாம். பலகை, காகிதம், பிசின், நாரு... நாருல இருந்து நூலு." சொல்லும்போதே ராக்கையாவுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நூல் என்றால் திருப்பூர். முதலாளி சென்னிமலை போன வாரம்தான் சொன்னார், மரத்திலிருந்து எடுத்த நூலில் துணி வரப்போகிறது, அது தெரிந்த ஆள் கம்பெனிக்கு வேண்டும் என்று. மகள் முதலாவதாக இதைத்தான் கேட்டிருக்கிறாள். படித்துவிட்டு இங்கேயே வந்துவிடுவாள்.

"லாக் பண்ணிரட்டுங்களா? பண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க."

ராக்கையா யோசித்தார். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை லேயைச் சுற்றி வந்து பார்ப்பது அவர் வழக்கம். வெட்டின பிறகு அழுது என்ன பயன்?

"சாயங்காலம் வர்றேன்மா. வீட்டம்மாட்ட ஒருக்காக் காட்டிட்டுப் பூட்டிருவோம்."

சுப்புலட்சுமி ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், நகலை ஒச்சம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனார். ஒச்சம்மாள் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஆயிரம் பனியனுக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் நகலில் ஓடியது, நின்றது.

"ஏங்க, இதென்ன தலைகீழாக் கெடக்கு?"

"எது?"

"வன உயிரு கடைசியில கெடக்கு. அவ கெளம்புன அன்னைக்குக் காலையில இந்தா இந்த எடத்துல உக்காந்து அட்டையை அடுக்குனா. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். வன உயிரு அட்டையை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தா. அப்புறம் மேல வச்சு ஒரு தட்டுத் தட்டுனா. மேல வச்சதுதான அவளுக்கு மொதலு? ஊருல எல்லாரும் சீட்டுக்கட்டு, நோட்டுக்கட்டு எல்லாம் மேலருந்துதான எடுக்குறாக?"

ராக்கையாவுக்குக் கையிலிருந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"அடியில இருந்து எடுத்தேன்" என்றார்.

"எடுப்பீக. தோசையவே அப்படித்தான எடுப்பீக." ஒச்சம்மாளின் குரல் திடீரென்று தணிந்தது. "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காம சொல்லுங்க. தெரியாமத்தான் எடுத்தீகளா?"

"என்ன பேச்சு இது?"

"மொதலாளி அன்னைக்குச் சொன்னது உங்க மனசுல கெடந்துச்சுல்ல. அதான் கேட்டேன்."

ராக்கையா சோற்றில் கைவைத்தார். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் அந்த முதல் அட்டையைப் படித்தபோது பொங்கிய சந்தோஷம் நினைவுக்கு வந்தது. கை பழக்கத்தில் எடுத்ததா, ஆசையில் எடுத்ததா? அவருக்கே தெரியவில்லை. அதுதான் சுட்டது.

ஒச்சம்மாள் மகளின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். எத்தனை முறை போட்டாலும் அந்தப் பெண்குரல் அலுக்காமல் அதையே சொன்னது.

"சாயங்காலம் போயி மாத்திருங்க. அவ பொறந்ததுல இருந்து மரம், அணிலு, குருவின்னு அலைஞ்ச பிள்ளை. நூலுக்கும் துணிக்கும் அவளை இழுக்காதீக."

ராக்கையா தலையாட்டினார்.

கம்பெனிக்குத் திரும்பி நடக்கும்போது பழைய மண்ணரை அவர் கூடவே வந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த லைன் வீடு இப்போது இருந்த இடம் தெரியவில்லை. எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஆணியில் தொங்கும் இரண்டு துணிப்பை, இதுதான் குடித்தனம். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் இருவரும் பரோட்டா சாப்பிடப் போவார்கள். ஞாயிறு காதர்பேட்டை. வாங்குவதற்கு அல்ல, சும்மா கடைகடையாகப் பார்த்துக்கொண்டு நடப்பதற்கு. எங்கெங்கிருந்தோ வந்து மூட்டை மூட்டையாகப் பனியன் எடுத்துப்போகும் வியாபாரிகளுக்கு நடுவில், தான் வெட்டின பனியனை ராக்கையா தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவார். ஒச்சம்மாள் நம்பாத மாதிரி பார்த்துக்கொண்டே நம்புவாள். அந்த நாட்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தாலும் போதும் என்று ராக்கையாவுக்கு நெஞ்சு ஏங்கியது.

யாழினி பிறந்த பிறகு அவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. கட்டிங் மேசைக்கு அடியில் வேஸ்ட் துணியைக் குவித்து மெத்தை மாதிரி போட்டார். மேலே கத்தி மெஷின் ஓடும். கீழே மகள் தூங்குவாள். நடக்க ஆரம்பித்ததும் மேசைக்கு அடியிலிருந்து கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்கு ஜாகையை மாற்றிக்கொண்டாள். நாள் முழுக்கக் காய் பொறுக்குவாள், எறும்பைப் பின்தொடர்ந்து போவாள். மாலையில் இலைகள் மடங்கத் தொடங்கியதும் உள்ளே ஓடிவந்து அப்பாவின் வேட்டியை இழுப்பாள். மரம் தூங்கப் போகிறது, நாமும் வீட்டுக்குப் போகலாம் என்பாள். கம்பெனி மணிக்கு முன்னால் அவள் மணி அடித்துவிடும்.

அஞ்சு வயசில் ஒருநாள் லேயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இந்தத் துணி எந்த மரத்துலப்பா காய்க்குது?"

ராக்கையா சிரித்த சிரிப்பில் கத்தியை நிறுத்தவேண்டி வந்தது. அத்தோடு விட்டாரா? டெய்லர்கள், அயர்ன்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளை முகம் சுருங்கிப்போனதை அன்று அவர் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது ஷெட்டை நீட்டுவதற்காக அந்த மரத்தை வெட்டினார்கள். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெட்டிப் போட்ட கிளையில் ஒரு துண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மேசையில் வைத்தாள். லே நகராமல் இருக்க மேலே வைக்கும் பாரமாக அந்தத் துண்டு இன்றைக்கும் அவரிடம் இருக்கிறது. பிடித்துப் பிடித்து வழவழப்பாகிவிட்டது.

ஒச்சம்மாள் சொன்னது சரிதான். இவள் காட்டுக்கென்றே பிறந்தவள்.

மூன்று மணி சுமாருக்கு முதலாளி சென்னிமலை கட்டிங் பக்கம் வந்தார். நெற்றியில் விபூதி, வாயில் முருகன் பெயர், தோளில் ஒரு ரோல் துணி. தறிக்காரக் குடும்பம். துணியை இன்னும் தோளில் போட்டுத்தான் தூக்குவார்.

"ஏனுங்க மாஸ்டர், இதைத் தொட்டுப் பாருங்க."

ராக்கையா தொட்டார். விரலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"பருத்தி இல்லீங்க. மரத்தைக் கூழாக்கி எடுத்த நூலுங்க. சாம்பிளுக்கு வந்திருக்குது. லே விரிச்சு ஆற விட்டு நாளைக்கு வெட்டுங்க, அவசரமில்லீங்க." போகத் திரும்பியவர் நின்றார். "நம்ம யாழினிக்கு இதெல்லாம் படிப்புல வருமுங்களா? நம்ம புள்ளை ஒண்ணு இங்கயே இருந்தா எத்தனை நல்லா இருக்கும், சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றார் ராக்கையா. இத்தனை வருஷத்தில் அவருக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலாளி போன பிறகும் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. மாற்றாமலே விட்டுவிட்டால் என்ன? யாருக்கும் தெரியப் போவதில்லை. பழக்கதோஷம் என்று சொன்னால் மகளே நம்புவாள், சிரிப்பாள். இரண்டு வருஷம் கழித்து இதே மேசைக்கு எதிரே வந்து நிற்பாள். சாயங்காலம் அப்பாவும் மகளுமாக வீட்டுக்கு நடந்து போகலாம்.

எண்ணிப் பார்க்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது. அந்த இனிப்புத்தான் அவரைப் பயமுறுத்தியது.

துணியை விரித்து முடித்தார். மேலே மரத்துண்டைப் பாரம் வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது கண்ணில் நின்றது. மணி நாலரை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்டரில் ஒச்சம்மாள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று காவலுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

"மாத்தணும்மா" என்றார் சுப்புலட்சுமியிடம், அட்டைக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டே. "மொதல்ல வன உயிர். அப்புறம் மர வளர்ப்பு. மர இன மேம்பாடு, வேளாண் காடு. வனப்பொருள் கடைசி."

"அப்படியே தலைகீழா மாத்தறீங்க?"

"காலையிலதான் தலைகீழாப் போட்டேன். இப்பத்தான் நேரா இருக்கு."

போனுக்கு ஓடிபி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். வரிசையை இரண்டு முறை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். லேயைச் சுற்றி வந்தாகிவிட்டது. இனிக் கத்தி வைக்கலாம்.

"பூட்டிரும்மா."

நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் பூட்டுப் படம் விழுந்தது. ஒச்சம்மாள் புருஷனின் முதுகில் கைவைத்தாள். கல்யாணமான புதிதில் காதர்பேட்டைக் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க இப்படித்தான் வைத்துக்கொண்டு நடப்பாள். ராக்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைத் தூரமாக அனுப்பிவிட்ட வருத்தமும், அவள் ஆசைக்குக் குறுக்கே நிற்காத பெருமையும் ஒன்றாகக் கலந்து வந்தன.

டீ சொல்லியிருந்தார்கள். கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போது போன் அடித்தது. மணி அஞ்சு ஆறு. யாழினி.

"அப்பா, ஜீப்பு இன்னைக்கு மெதுவாத்தானுங்க எறங்குச்சு. இப்பத்தான் டவர் கெடச்சுது. போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு தாயி. பூட்டியும் ஆச்சு. நிம்மதியா இரு."

"ஒண்ணாம் நம்பர்ல எது வந்திருக்குதுங்க?"

"வன உயிர்தான். நீ மேல வச்சிருந்தியே, அதேதான்."

அணைப் பக்கத்துக் காற்று மட்டும் போனில் இரைந்தது.

"அட்டையை மேலருந்து எடுத்தீங்களாப்பா?"

"ஆமா தாயி."

"நீங்க மேலருந்து எடுக்கவே மாட்டீங்களே." அவள் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று ராக்கையா தேடினார், இல்லை. "தோசையக்கூட எடுக்கமாட்டீங்களே. உங்க லே மாதிரியேதானுங்கப்பா அடுக்கிக் கொடுத்தேன். அடியில கெடந்ததுதானுங்க ஒண்ணு."

ஒச்சம்மாளின் கை அவர் முதுகிலிருந்து நழுவியது. போனிலிருந்து கசிந்த குரல் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"வனப்பொருளா தாயி? உனக்கா?"

"துணி எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டதுக்கு அன்னைக்குச் சிரிச்சீங்கள்ல. அதைப் படிச்சுட்டு வந்து உங்க மேசையில வெச்சே சொல்லலாம்னு இருந்தேன்."

பொய் சொல்ல ராக்கையாவுக்கு வரவில்லை.

"காலையில அடியில இருந்துதாம்மா போட்டேன். சரியாத்தான் போட்டேன். அப்புறம் நானே போயி மாத்திட்டேன்."

"ஏனுங்கப்பா?"

"நீ காட்டுக்குத்தான் போகணும்னு ஆசைப்படுறியோன்னு நெனைச்சேன்."

"நான் நம்ம ஊட்டுக்கு வரணும்னுதானுங்கப்பா ஆசைப்பட்டேன்."

அதோடு லைன் நின்றுவிட்டது. ராக்கையா திரும்பப் போட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண்குரல் சொன்னது. மலை துண்டித்ததா, மகள் துண்டித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மேசைமேல் ஐந்து அட்டைகளும் கிடந்தன. அவர் கை தன்னையறியாமல் போய் அடியில் கிடந்த ஒன்றை உருவிக்கொண்டது.